நாற்பதுக்கு மேல் கத்தி பிடித்தால் திட்ட ஆள் வேண்டும்

குன்னூர் மருத்துவமனையில் எனக்கு வழியனுப்பு விழா நடந்த அன்று, சால்வை, கேக், புகைப்படம் எல்லாம் முடிந்த பிறகு இளைய டாக்டர்களான உங்களில் ஒருத்தி மட்டும் வாசல்வரை கூட வந்தாள். "மேடம், எனக்கு முப்பத்தெட்டு ஆச்சுங்க. இனிமே போயி சர்ஜரி படிச்சா சிரிப்பாங்களா?" என்று கேட்டாள். சிரிப்பார்கள் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. மேற்கொண்டு பேசுவதற்குள் கார் வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு மிச்சமிருக்கும் பதில்தான் இது. ஒருத்திக்கு என்று எழுத உட்கார்ந்தேன். இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கேட்காமலே போன இன்னும் இரண்டு மூன்று பேரையும் எனக்குத் தெரியும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

தையல் போடுவது எப்படி, முடிச்சுப் போடுவது எப்படி என்பதற்கெல்லாம் புத்தகம் இருக்கிறது. இப்போது வீடியோவும் இருக்கிறது. நான் எழுதப் போவது அதைப் பற்றி அல்ல.

மஞ்சூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பதினைந்து வருடம் டிஸ்பென்சரி டாக்டராக இருந்தேன். காய்ச்சல், இருமல், அட்டை கடித்த புண், பிரசவம், காட்டெருமை முட்டிய காயத்துக்கு முதல் கட்டு, எல்லாம் நான்தான். அதற்கு மேல் எதுவானாலும் "கீழே". மலையில் இருப்பவர்களுக்குக் கோயமுத்தூர் ஒரு ஊர் அல்ல, ஒரு திசை. சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, ஆம்புலன்ஸின் பின்கதவைச் சாத்தி அனுப்புவேன். கீழே போய்த் திரும்பி வந்தவர்கள் நன்றி சொன்னார்கள். திரும்பி வராதவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் நாற்பத்தொரு வயதில் அறுவை சிகிச்சை படிக்கப் போனீர்கள் என்று கேட்பவர்கள் ஒரு நல்ல கதையை எதிர்பார்க்கிறார்கள். கனவு, லட்சியம், யாரோ ஒருவர் மரணப் படுக்கையில் கையைப் பிடித்துக்கொண்டு வாங்கிய சத்தியம். அப்படி ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம், அவ்வளவுதான். ஆம்புலன்ஸின் முதுகையே பார்த்துப் பார்த்து வந்த கோபம். மகளுக்குக் கல்லூரி விடுதியில் இடம் கிடைத்த அதே வருடம் எனக்கும் கிடைத்தது. அதே எஸ்டேட்டின் ஃபேக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீ மேக்கராக இருந்த என் கணவர் இரண்டு பெட்டிகளையும் பார்த்துவிட்டு, "சரி, நீங்க ரெண்டு பேரும் படிங்க. நான் சோறாக்கப் படிச்சுக்கறேன்" என்றார். உறவுக்காரர்கள் அவ்வளவு பெருந்தன்மையாக இல்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று என் காதுபடவே கேட்டார்கள். ஐம்பதுக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது என்று பதில் சொன்னேன். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. குறை கையில் இருந்தது.

கோயமுத்தூர்க் கல்லூரியில் எல்லோரும் சிரித்தார்கள்தான். ஆனால் சிரிப்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான தொல்லை. அதை மரியாதை என்று சொல்வார்கள்.

எங்கள் யூனிட்டின் உதவிப் பேராசிரியர் என்னைவிட எட்டு வயது இளையவர். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். கை அத்தனை சுத்தம், வாய் அத்தனை அசுத்தம். அறுவை அரங்குக்குள் அவர் திட்டாத பயிற்சி மாணவன் கிடையாது. "கையை எடுடா, எருமை. அது என்ன உங்க தோட்டத்துத் தண்ணிக் குழாயா?" என்பார். அந்தப் பையன்கள் முகம் சிவந்து நிற்பார்கள், ஆனால் மறுநாள் அதே தவறைச் செய்ய மாட்டார்கள். என்னிடம் வரும்போது அவர் குரலே மாறிவிடும். முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டுவிட்டார். அக்கா என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிறகு திட்ட நாக்கு எழும்பாது. பையன்கள் ஆளுக்கொரு திட்டாக வாங்கித் தேறிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது நாற்காலி. "உக்காருங்கக்கா, ரொம்ப நேரமா நிக்கறீங்க."

எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட்டில் நான் நடந்தால் ஜனங்கள் எழுந்து நிற்பார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் உடம்பில் ஊறியிருந்தது.

ஒரு நாள் பித்தப்பை எடுத்துக்கொண்டிருந்தோம். நான் ஒரு இடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். இழுத்த திசை தவறு. வேறு யாராவது என் இடத்தில் நின்றிருந்தால் "விடுடா" என்று ஒரு சொல் வந்திருக்கும், கை நின்றிருக்கும். எனக்கு அவர் சொன்னது இது: "ஏனுங்கக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க, கொஞ்சம் அந்தப் பக்கமா..." அந்த மரியாதையெல்லாம் முடிந்து விஷயம் வந்து சேர்வதற்குள் ரத்தம் வந்துவிட்டது. அவர் விரலை வைத்து அழுத்தி நிறுத்தினார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முகக் கவசத்துக்கு மேலே அவர் கண்ணைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அக்காவைக் காப்பாற்றப் போய் நோயாளியை விட்டிருப்பேனே என்ற பயம்.

மதியம் கேண்டீனில் அவரைப் பிடித்தேன்.

"சார், இனிமே தியேட்டருக்குள்ள என்னை அக்கான்னு கூப்பிடாதீங்க."

"பின்னே எப்படிங்க கூப்பிடறது?"

"மத்த பசங்கள எப்படிக் கூப்பிடறீங்களோ, அப்படி."

"அவனுகள எருமைங்கறனுங்கக்கா."

"அப்ப எருமைன்னே கூப்பிடுங்க."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "உங்களத் திட்டினேன்னு தெரிஞ்சா எங்கம்மா ஊட்டுக்குள்ள உடமாட்டாங்க" என்றார். நான் விடவில்லை. "உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க திட்டாம விட்டா நான் அரைகுறையாத்தான் மலைக்குத் திரும்பிப் போவேன். அங்க நான் யாரையாச்சும் கொன்னா, அதுல உங்களுக்கும் பங்கு உண்டு" என்றேன்.

அவருக்கு நாக்கு எழும்பச் சில வாரம் பிடித்தது. எழும்பிய அன்று, "கை எங்க போகுது? கண்ணு எங்க பாக்குது? தூங்கறதுன்னா ஹாஸ்டலுக்குப் போ!" என்று அரங்கே அதிரக் கத்தினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது. உடை மாற்றும் அறையில் போய் அழுதேன். அழுது முடித்து முகம் கழுவும்போது ஒன்று தெரிந்தது. அன்றுதான் அவர் என்னையும் அறுவை சிகிச்சை செய்யப் போகிற ஆளாகக் கணக்கில் சேர்த்திருக்கிறார். அதுவரை நான் விருந்தாளி.

படிப்பு முடிந்து விடைபெறப் போனபோது அவர் பழையபடி அக்காவுக்குத் திரும்பியிருந்தார். "மலைக்குப் போனீங்கன்னா உங்களத் திட்ட ஆள் இருக்காதுங்கக்கா. தலையும் நரைச்சாச்சு. எவனும் வாயத் தொறக்க மாட்டான். ஒரு ஆளப் பாத்து வெச்சுக்குங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

குன்னூர் மருத்துவமனையில் சேர்ந்த முதல் வருடம், ஐப்பசி மாத மழை. இரண்டு நாளாக விடாமல் பெய்து, பர்லியாருக்கு மேலே மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டிருந்தது. கோத்தகிரி வழியிலும் மரங்கள் விழுந்து வண்டிகள் நின்றுவிட்டன. கீழே என்ற திசையே அன்று இல்லை.

காலையில் வார்டுக்குப் போனபோது ஓர் அம்மாள் வயிறு உப்பிப் படுத்திருந்தாள். முந்தின நாளிலிருந்து வாந்தி. டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண், எம்.பி.பி.எஸ். முடித்து அப்போதுதான் சேர்ந்தவள், கோபி பக்கம். "கேஸ் ட்ரபிள் மாதிரி இருக்குதுங்க மேடம்" என்றாள். நான் படுத்திருந்தவளைப் பார்த்தேன். பாக்கியம். எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். சிறுமியாக இருக்கும்போது இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவள். பதினைந்து வருடம் அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் நான்தான் மருந்து கொடுத்தேன். பக்கத்தில் மகள் ராணி.

கொழுந்து பறிக்கும் பெண்கள் செடி கிழிக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கெட்டியான சாக்குப் படங்கை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். இடுப்புக்குக் கீழே என்ன இருந்தாலும் அதற்குள் மறைந்துவிடும். மறைப்பதற்குச் சௌகரியமாகவும் இருக்கும். அதை எண்ணி, திரையை இழுத்துவிட்டு, அவள் கையைத் தள்ளிவிட்டு, சேலையை விலக்கிப் பார்த்தேன். தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவு ஒரு கட்டி, கல் மாதிரி. குடல் அங்கே இறங்கி மாட்டிக்கொண்டு நெரிபட்டுக்கொண்டிருந்தது.

"எத்தன வருசமா இருக்கு?"

"அது கெடக்கு, ரொம்ப வருசமா. முந்தியெல்லாம் அமுக்கினா உள்ள போயிரும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, பாக்கியம்."

"அதெல்லாம் டாக்டருக்குக் காட்டுற எடமா?" என்றாள், அவ்வளவு வலியிலும் கொஞ்சம் கோபமாக.

நான் அந்தச் சின்ன டாக்டர் பக்கம் திரும்பி, நர்ஸ்கள் எல்லாம் நிற்கும்போதே, "உடம்பு தொப்புளோட முடிஞ்சு போறதில்லம்மா. எந்தக் காலேஜுல படிச்ச?" என்றேன். அவள் காது மடல் சிவந்துவிட்டது. சொன்னதில் தவறில்லை. ஆனால் அதை நான் சொன்ன விதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை என்றதும் பாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு, நீங்களா?"

"டாக்டரம்மா இப்ப ஆப்பரேசன் டாக்டரும்மா. கோயமுத்தூருல போயி படிச்சிட்டு வந்துருக்காங்க" என்றாள் ராணி.

"மாத்திர குடுக்கிறவங்க கத்தி எடுத்தா வெளங்குமா?"

நான் ஒளிக்காமல் விளக்கினேன். மாட்டிக்கொண்ட குடலை விடுவிக்க வேண்டும், அது கெட்டுப்போயிருந்தால் அந்தத் துண்டை அறுத்து எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அதுவரை பேசிக்கொண்டிருந்தவள் பயந்துபோனாள்.

"குடல அறுக்க ஏலாது. எங்க வீட்டுக்காரருக்கு அததான் செஞ்சாங்க. வயித்து வருத்தம்னு ஒங்ககிட்டதானே வந்தாரு. நீங்கதானே சீட்டு எழுதிக் கீழ அனுப்புனீங்க. அங்க அறுத்தாங்க. பெட்டியிலதான் திரும்பி வந்தாரு."

எனக்கு அந்த மனிதரை நினைவிருந்தது. சீட்டு எழுதிய பேனாகூட நினைவிருந்தது. மஞ்சூரிலிருந்து வளைவு வளைவாக இறங்கிக் கோயமுத்தூர் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு நேரம் கடந்துவிட்டது. அறுத்ததால் அவர் சாகவில்லை, அறுக்கப் பிந்தியதால் செத்தார். இதை வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு விளக்க முடியாது. "அறுக்காம முடிக்கத்தான் பாப்பேன். ஆனா கெட்டுப்போயிருந்தா வேற வழி இல்ல" என்று மட்டும் சொன்னேன். "கெட்டுப்போகல. என் வயித்தப் பத்தி எனக்குத் தெரியாதா? அறுத்துறாதீங்கம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் கைநாட்டு வைத்தாள். வாயால் நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மனதால் கொடுத்துவிட்டேன். இளையவர்களே, இது நம்மைப் போல ஜனங்களோடு நெடுங்காலம் இருந்துவிட்டுக் கத்தி பிடிக்க வருபவர்களுக்கு மட்டும் வரும் நோய். முன்பின் தெரியாத சர்ஜனுக்கு இது வராது.

அரங்கில் எனக்கு எதிரே உதவிக்கு நின்றது அதே சின்ன டாக்டர்தான். வேறு ஆள் இல்லை. குடலை நெரித்துக்கொண்டிருந்த வளையத்தைத் தளர்த்தி வெளியே இழுத்தேன். ஒரு சாண் நீளம், நாவல்பழ நிறம். செத்துவிட்டதா, மயங்கிக் கிடக்கிறதா என்று உடனே சொல்ல முடியாது. வெந்நீர்த் துணியில் சுற்றி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரத்த ஓட்டம் திரும்பினால் நிறம் மாறும்.

நாற்பதுக்கு மேல் தொடங்கியவர்களுக்கு இந்தக் காத்திருப்புதான் மிகக் கஷ்டம். மற்றவர்கள் இருபத்தைந்தில் செய்ததை நாம் நாற்பத்தைந்தில் செய்கிறோம் என்று உள்ளே ஒரு குரல் விரட்டிக்கொண்டே இருக்கும். பதறாத காரியம் சிதறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

துணியை விலக்கினேன். பெரும்பகுதி செக்கச்செவேல் என்று உயிர் பெற்றிருந்தது. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வளையம் நெரித்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் கருப்பும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் இருந்தது. அதையே பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது மாறிக்கொண்டு வருவது போலவே இருந்தது.

அந்த இடம் செத்திருந்து அதை உள்ளே தள்ளிவிட்டால் ஓரிரு நாளில் பொத்துக்கொண்டு வயிறு முழுவதும் விஷமாகும். மலைப்பாதை அடைபட்டிருக்கும்போது அப்படி ஆனால் பாக்கியம் பிழைக்க மாட்டாள். அது உயிரோடிருந்து நான் வீணாக அறுத்தால், சோர்ந்துபோன உடம்புக்கு ஒரு பெரிய அறுவை, தைத்த இடம் பிரிந்துகொள்ளும் ஆபத்து வேறு. அதோடு, அறுத்துறாதீங்கம்மா என்ற அந்தக் குரல்.

"எப்படி இருக்குது?" என்று எதிரே நின்ற பெண்ணைக் கேட்டேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது மேடம்."

சரி என்று உள்ளே தள்ளப் போனேன். தள்ளப் போகும்போது தற்செயலாக நிமிர்ந்தேன். அவள் குடலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் படித்துவிட்டுக் குடலுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அறையில் எனக்கு மறுப்புச் சொல்ல ஒருவரும் இல்லை. மயக்க மருந்து கொடுத்தவர் என்னை அம்மா என்று கூப்பிடுபவர். நர்ஸ் எங்கள் எஸ்டேட்டில் பிறந்தவள், என் கையால் ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்தவள். இந்தப் பெண்ணின் வாயைக் காலையில் நானே அடைத்துவிட்டேன். என்னைக் கத்திக் கத்தித் திருத்தியவர் நோயாளிக்காகக் கத்தினார். நான் காலையில் பேசியதில் பாதிதான் பாக்கியத்துக்காக. மீதி என் கெட்டிக்காரத்தனத்தை நாலு பேர் பார்க்கட்டும் என்பதற்காக. இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் கேட்கும். முதல் வகை கண்ணைத் திறக்கும், இரண்டாவது வாயை மூடிவிடும்.

கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தேன்.

"இங்க பாரும்மா. நான் கையை எடுத்துட்டேன். இப்ப நீதான் சர்ஜன், நான் உனக்கு உதவிக்கு நிக்கறேன். என் மூஞ்சிய பாக்காத. இத உள்ள தள்ளுவியா, மாட்டியா?"

அவள் குனிந்து பார்த்தாள். விரல் நுனியால் மெல்லத் தொட்டாள். நேரம் எடுத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று நான் செய்த காரியங்களிலேயே சிரமமானது அதுதான்.

"தள்ளமாட்டனுங்க மேடம்."

"ஏன்?"

"மத்த எடமெல்லாம் தொட்டா அசையுதுங்க. இது மட்டும் சும்மா கெடக்குதுங்க. துணிய எடுத்தப்பவே பாத்தனுங்க."

"அப்பவே ஏன் சொல்லல?"

 அவள் தலையை நிமிர்த்தாமலே, "காலையில திட்டுனீங்கல்லங்க" என்றாள்.

நானும் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. அதற்கு முன்பும் அது அசைந்திருக்கவில்லை. அசைய வேண்டும் என்று நான் விரும்பியிருந்தேன். அந்தத் துண்டை அறுத்து எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தோம். முடிந்த பிறகு வெட்டிய துண்டைப் பிளந்து அவளிடம் காட்டினேன். வெளியேதான் ஊதா, உள்பக்கம் கரி.  கை கழுவும் இடத்தில், "நாளையிலிருந்து நான் தப்புப் பண்ணா எல்லார் முன்னாடியும் சொல்லு. மேடம், ஏனுங்க, வாங்க போங்க ஒண்ணும் வேண்டாம். நிறுத்துன்னு ஒரு சொல் போதும்" என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்று தெரிந்தது. பிறகு போகப் போக நம்பினாள். எத்தனை முறை நிறுத்தினாள் என்று அவளையே கேளுங்கள், உங்களுக்கெல்லாம் இப்போது அவள்தான் தலைமை மருத்துவர்.

மயக்கம் தெளிந்ததும் பாக்கியத்திடம் நானே போய்ச் சொன்னேன். "கெட்டுப் போயிருந்துச்சும்மா. அறுக்க வேண்டியதாப் போச்சு." அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுத்த நாளும் அப்படியே. நான் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன், அவள் சுவரைப் பார்ப்பாள். அவளைக் கேட்டால் ராணி பதில் சொல்வாள். தைத்த இடம் பிடிக்குமா பிரியுமா என்று தெரியாத நாட்கள் அவை.  பாதை திறந்த பிறகும், தைத்த வயிற்றோடு அவளை வளைவுகளில் இறக்கப் பயந்து, கீழே அனுப்பலாமா என்று நான் யாரையும் கேட்கவில்லை.

பிறகு ஒரு காலையில் ராணி வராந்தாவில் ஓடி வந்து, வெட்கத்தோடு, "டாக்டரம்மா, அம்மாவுக்குக் காத்துப் பிரிஞ்சிருச்சு" என்றாள். வெளி ஆட்களுக்கு இது சிரிப்பான செய்தி. குடல் தைத்தவர்களுக்கு அதைவிட இனிய சங்கீதம் கிடையாது. குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. கஞ்சித் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

அன்று மாலை நான் போனபோது பாக்கியம் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கையில் டம்ளர். என்னைப் பார்த்ததும் தொடங்கினாள், வார்டு முழுக்கக் கேட்கும்படி.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லயா, அறுக்காதீங்கன்னு? கையப் புடிச்சிச் சொன்னேனா இல்லயா? அம்புட்டுக்கும் தலைய ஆட்டிட்டுப் போயி அறுத்துட்டீங்க. ஒங்க இஷ்டத்துக்குச் செய்ய இது என்ன ஒங்க வயிறா?"

எங்கள் எஸ்டேட்டில் ஒரு கொழுந்துக்காரப் பெண் டாக்டரை நேருக்கு நேர் திட்டி நான் கேட்டதில்லை. ராணி பதறிப்போய் அம்மாவின் வாயைப் பொத்தப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். திட்டுவதற்கு அவளிடம் அவ்வளவு தெம்பு இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான்.

"கெட்டத அறுத்து எடுத்ததாலதாம்மா நீ உக்காந்து திட்டற" என்றேன்.

அவள் நிறுத்தினாள்.  பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்ப அறுத்தா ஆள் பொழைக்குமா?"

"பொழைக்கும். நேரத்துக்கு அறுத்தா."

"அப்ப அவரு ஏன் பொழைக்கல?"

"அவர் கீழ போய்ச் சேர நேரமாயிருச்சும்மா. மலையில அறுக்க அன்னைக்கு ஆள் இல்ல."

"நீங்க இருந்தீங்களே."

"இருந்தேன். அப்ப எனக்கு அறுக்கத் தெரியாது."

"அப்பவே போயிப் படிச்சிருக்கக் கூடாதா?"

அதில் கோபமே இல்லை. கடைக்குப் போனவள் ஒரு சாமானை மறந்து வந்ததைக் கேட்பது போலத்தான் கேட்டாள். ஐந்தில் வளையாததைப் பற்றி உறவுக்காரர்கள் கேட்டதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. முதலாம் ஆண்டு மாணவி மாதிரி அவள் கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"பிந்தித்தாம்மா போனேன்" என்றேன்.

அவள் டம்ளரில் இருந்ததைக் குடித்து முடித்தாள். பிறகு, "ம்... எனக்காச்சும் வந்தீங்களே" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றச் சொல்லி டம்ளரை நீட்டினாள்.

வாசல்வரை வந்து கேட்டவளே, உனக்குத்தான் சொல்கிறேன். முப்பத்தெட்டு பிந்திய வயதா என்று கேட்டால், பிந்தியதுதான். யாரோ ஒருவருக்கு நீ ஏற்கெனவே பிந்திவிட்டாய், அதை நினைத்து அழ வேண்டுமானால் அழுதுகொள். ஆனால் விண்ணப்பத்தை இந்த வாரமே போடு. எங்கேயோ ஒரு எஸ்டேட் லயத்து வீட்டில் வேறொரு பாக்கியத்தின் கணவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.